கணினிக்கு மாற்று என்று விற்பவர், அதை எழுதித் தருவாரா?

பெங்களூரில் ஜூன் பிறந்து கல்லூரிச் சேர்க்கை சூடுபிடித்துவிட்டால், எஸ்.பி. ரோட்டுக் கடைகளிலிருந்து ஆன்லைன் தளங்கள் வரை ஒரே பேச்சுதான்: "லேப்டாப் எதற்கு? இந்த டேப்லெட்டே போதும். கீபோர்டு மாட்டிக்கொண்டால் இதுவும் கம்ப்யூட்டர்தான்." ஒன்று 15,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, மற்றதற்கு 35,000 ரூபாயாவது வேண்டும் என்றால், வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் போக மிச்சம் பிடிக்கும் குடும்பம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேப்லெட் நல்ல பொருளா கெட்ட பொருளா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. 'கணினிக்கு மாற்று' என்ற சொல்லை நம்பித்தான் அங்கே பணம் கைமாறுகிறது. அந்தச் சொல் ஒரு வாக்குறுதி. அதைச் சோதித்துப் பார்க்கவும், எழுத்தில் கேட்டு வாங்கவும், பொய்த்துப்போனால் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வாங்குகிறவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை எப்படிக் கையில் வைத்துக்கொள்வது என்பதுதான் இங்கே பேச்சு.

இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் கடைக்காரரிடம் மட்டும் இல்லை. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில் இந்தியக் குடும்பங்களில் 10.7 சதவீதத்திடம்தான் கணினி இருந்தது. அந்தக் கணக்கிலேயே மேசைக்கணினி, மடிக்கணினியோடு டேப்லெட்டையும் கணினி என்றுதான் எண்ணினார்கள். கொரோனாக் காலத்தில், 2021 ஜூனில், கர்நாடக அரசு அரசுக் கல்லூரி மாணவர்கள் சுமார் 1.55 லட்சம் பேருக்கு டேப்லெட் வழங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே அரசு முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுத்தது மடிக்கணினி. தமிழ்நாட்டின் 2025-26 வரவு செலவுத் திட்டம், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. ஆனால் கொள்முதலுக்கு அந்த அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் கோரியபோது கேட்டது மடிக்கணினியைத்தான். மேடையில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், என்னென்ன வேலைக்கு என்று வரி வரியாக எழுத உட்கார்ந்தால் வேறுபாடு தானாக வெளியே வந்துவிடும். குடும்பமும் தன் கொள்முதலை இப்படித்தான் செய்ய வேண்டும்.

கையடக்கத் தொடுதிரை கணினியின் இடத்தைப் பிடிக்குமா என்ற கேள்வியை உலகம் பரவலாகக் கேட்பதற்கு முன்பே கேட்ட ஊர் பெங்களூரு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டரின் மாதிரி 2001இல் வெளியானது. 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பில் 'அமிதா' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஐபேட் பிறக்க அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. எதிர்பார்த்த விற்பனை அதற்குக் கிடைக்கவில்லை. 2011 அக்டோபரில் டெல்லியில் வெளியிட்ட 'ஆகாஷ்' டேப்லெட்டை அரசு 2,276 ரூபாய்க்கு வாங்கியது. 256 எம்.பி. நினைவகம், விரலை அழுத்தித் தேய்க்க வேண்டிய திரை, விரைவில் தீர்ந்துபோகும் பேட்டரி என்று மாணவர்கள் கைக்கு வந்ததும் அலுத்துப்போனார்கள். இந்த இரண்டையும் தோல்வி என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சிம்ப்யூட்டர் ஓடியது லினக்ஸில். அதன் வன்பொருள் வடிவமைப்பையும் பிறர் எடுத்துப் பயன்படுத்தும்படி உரிமம் கொடுத்துத் திறந்துவைத்தார்கள். வாங்கியவர் அதன்மேல் தன் வேலைக்கு ஏற்ற நிரலை எழுதிக்கொள்ளலாம். இன்றைய டேப்லெட் அதைவிடப் பல மடங்கு வேகமானது, அழகானது. ஆனால் அதில் எது ஓடலாம், எது ஓடக்கூடாது என்பதை வாங்கியவரால் பெரும்பாலும் தீர்மானிக்க முடிவதில்லை.

டேப்லெட் எங்கே போதும் என்பதை முதலில் மனதாரச் சொல்லிவிட வேண்டும். வீடியோ அழைப்பு, ஆன்லைன் வகுப்பைப் பார்ப்பது, பாடநூல் பி.டி.எஃப். வாசிப்பது, கையெழுத்தில் குறிப்பு எடுப்பது, மின்கட்டணம் கட்டுவது, டிஜிலாக்கரில் சான்றிதழ் எடுப்பது, கர்நாடக அரசின் சேவா சிந்து தளத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கேமராவிலேயே ஆவணத்தைப் படமெடுத்து ஏற்றுவது என்று இவை அத்தனையும் டேப்லெட்டில் நடக்கும். பல வேலைகள் மடிக்கணினியைவிடச் சுலபமாகவே நடக்கும். தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதி கீபோர்டு பழகாத பெரியவர்களுக்குப் பெரிய வரம். மின்சாரம் போனாலும் பல மணி நேரம் தாங்கும். கண்ட இடத்திலிருந்தெல்லாம் மென்பொருளை இறக்கி நிறுவும் வழக்கம் இல்லாததால், "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று போன் செய்து ஏமாற்றுபவர்களின் வலையில் விழும் வாய்ப்பும் சற்றுக் குறைவு. பணி ஓய்வு பெற்ற ஒருவர் செய்தி படிக்கவும் பேரப்பிள்ளைகளோடு பேசவும் கருவி தேடினால், அவர் தலையில் மடிக்கணினியைக் கட்டுவதுதான் தவறு.

சிக்கல் வேலையின் கடைசிப் படியில் வருகிறது. பார்ப்பது, படிப்பது, நிரப்புவது வரை வழுக்கிக்கொண்டு போகும் காரியம், ஒன்றை உருவாக்கி, குறிப்பிட்ட வடிவத்தில் இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறது. சின்னக் கடை வைத்திருப்பவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாட்டில் பாதிக் கடைகளின் கணக்கு இந்த ஊரிலேயே பிறந்த டேலியில்தான் இருக்கிறதோ என்று தோன்றும் அளவுக்கு அது பரவியிருக்கிறது. அது விண்டோஸ் கணினியில் நிறுவும் மென்பொருள். டேப்லெட்டின் பிரவுசரில் அறிக்கைகளைப் பார்க்கலாம். முழு வேலையும் செய்ய வேண்டுமானால் கிளவுட் சேவைக்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். வருமான வரித் துறை தரும் எக்ஸெல் படிவம், மேக்ரோ எனப்படும் உள்நிரலில் ஓடுவது. மொபைல் எக்ஸெலில் மேக்ரோ வேலை செய்யாது. சம்பளக்காரர் தன் ரிட்டர்னை நேரடியாகத் தளத்திலேயே முடித்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் டிஜிட்டல் கையெழுத்து யு.எஸ்.பி. டோக்கனில் இருக்கிறது என்றால், அதற்கான டிரைவரை நிறுவ ஒரு கணினி வேண்டியிருக்கும். ஆட்டோகேட் வரைபடம், ஆண்ட்ராய்டு செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஆகியவை பொறியியல் மாணவருக்கு முதல் செமஸ்டரில் தேவைப்படாமல் போகலாம், பிந்தைய ஆண்டுகளில் பலருக்குத் தேவைப்படும். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களின் கண்காணிப்புடன் கூடிய ஆன்லைன் தேர்வுகள் பலவும் வெப்கேம் உள்ள மடிக்கணினியைத்தான் கேட்கின்றன.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த திருமண அழைப்பிதழ், சங்கத்தின் ஆண்டறிக்கை, பள்ளி வினாத்தாள், அரசு அலுவலகக் கடிதம் எல்லாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழ் அமைப்புகளின் பழைய கோப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அப்படிப்பட்ட வேர்டு கோப்பு ஒன்றை டேப்லெட்டில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும். கணினியில் அந்த எழுத்துருவை நிறுவினால் அரை நிமிடத்தில் தமிழ் வந்துவிடும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் சாதாரணப் பயனர் எழுத்துருவை எல்லாச் செயலிகளுக்குமாக நிறுவ வழியில்லை. ஒரு மாற்றியைத் தேடி ஒவ்வொரு பத்தியாக வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும், அட்டவணையும் அடிக்கோடும் அதில் சிதையும். இந்த வேலைக்காகவே மீண்டும் டி.டி.பி. கடையில் போய் நிற்கிறவர் தன் டேப்லெட்டின் விலையோடு அந்தக் கடைக்குக் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

"எல்லாம் பிரவுசருக்குப் போய்விட்டது, இன்னும் ஏன் பழைய கதை?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயமான கேள்வி. கூகுள் டாக்ஸில் ஒரு கட்டுரையை எழுதி முடிக்கலாம். பைத்தான் பழகுபவர் கோலாபில் பழகலாம். ஆனால் டேப்லெட்டின் பிரவுசரில் பல தளங்கள் மொபைல் வடிவத்தில்தான் திறக்கின்றன, இணையம் அறுந்தால் வேலையும் அறுந்துவிடும், சந்தா என்ற செலவு மாதாமாதம் தொடரும். மைக்ரோசாஃப்டின் நடைமுறையைப் பாருங்கள்: 10.1 அங்குலத்துக்குள் இருக்கும் திரையில் வேர்டு, எக்ஸெல் செயலிகளில் இலவசமாகத் திருத்தலாம். அதைவிடப் பெரிய திரை என்றால் சந்தா கட்ட வேண்டும். வசதியாக எழுத வேண்டும் என்றுதானே பெரிய டேப்லெட் வாங்குகிறோம்? அந்த இடத்தில்தான் கட்டணம் காத்திருக்கிறது. கீபோர்டு மாட்டினால் கணினியாகிவிடும் என்பதற்கு வரலாறே பதில் சொல்லியிருக்கிறது. 2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சர்ஃபேஸ் ஆர்.டி.யில் கீபோர்டு இருந்தது, மேசைத்திரை இருந்தது, விண்டோஸ் என்ற பெயரும் இருந்தது. பழைய விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் நிறுவ முடியாது என்பது வாங்கிய பிறகே பலருக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டே விற்காத சரக்குக்காக அந்த நிறுவனம் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. முழு விண்டோஸ் ஓடும் டேப்லெட்டுகளும் இன்று இருக்கின்றன. அவற்றுக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் விலை பெரும்பாலும் மடிக்கணினியைத் தாண்டிவிடுகிறது. 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26, கணினியைப் போலப் பல ஜன்னல்களையும் மேலே மெனுப் பட்டையையும் கொண்டுவந்தது. 2017இல் ஒரு விளம்பரத்தில் "கம்ப்யூட்டர் என்றால் என்ன?" என்று ஒரு சிறுமியின் வாயால் கேட்க வைத்த ஐபேட் நிறுவனம், எட்டு ஆண்டுகள் கழித்துக் கணினியின் பழக்கங்களை டேப்லெட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. ஐபேடோடு அதற்கான கீபோர்டின் விலையையும் கூட்டிப் பார்த்தால், கையில் இருப்பது மலிவான மாற்று இல்லை என்பது தெரியும்.

ஆயுள் என்ற கணக்கும் இருக்கிறது. மலிவு டேப்லெட்டில் நினைவகமும் சேமிப்பிடமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை; பேட்டரி பசையால் ஒட்டப்பட்டது. விளம்பரத்தில் '8 ஜிபி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பார்த்தால் உண்மையான நினைவகம் 4, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிய பொய் நினைவகம் 4 என்று இருக்கும். இயங்குதளப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதைப் பல பெட்டிகளில் அச்சிடுவதே இல்லை. புதுப்பிப்பு நின்ற சில ஆண்டுகளில் வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கும். "கணினிக்கும் அதே கதிதானே, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்தவில்லையா?" என்ற ஆட்சேபம் சரியானதே. ஆனால் அந்தக் கணினியில் லினக்ஸை ஏற்றி இன்னும் ஐந்தாண்டு ஓட்டலாம். மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்.எஸ்.டி.யை மாற்றலாம், சிலவற்றில் ராமையும் கூட்டலாம். அதைச் செய்து தர எஸ்.பி. ரோட்டில் சந்துக்குச் சந்து ஆள் இருக்கிறது. டேப்லெட்டில் இரண்டு கதவும் பெரும்பாலும் பூட்டியே இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்தாண்டு இயங்குதளப் புதுப்பிப்பும் ஏழாண்டு உதிரிபாகமும் தர வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் திறக்கப்பட்டது. மத்திய அரசு அமைத்த குழு, பொருள்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு ஒன்றை 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஐரோப்பாவில் விற்கும் அதே மாடலை இங்கே வாங்குபவர் "அங்கே தரும் புதுப்பிப்பு இங்கேயும் உண்டா?" என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

இல்லாதவருக்கு ஏதோ ஒன்று கிடைப்பதே பெரிது, தேவைப் பட்டியல் போடும் ஆடம்பரம் அவருக்கு ஏது என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். அதை நான் இலேசாக ஒதுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் ஏற்கெனவே இருந்தால், டேப்லெட் தருவதில் பெரும்பகுதியை அந்தப் போன் தந்துகொண்டிருக்கிறது. இல்லாதது கணினி. குறைந்த பணத்தில் ஒரே ஒரு கருவி வாங்க முடிகிற குடும்பம், இருப்பதையே இன்னொரு அளவில் வாங்கிவிட்டால், இல்லாதது இல்லாமலேயே இருக்கும். டேப்லெட் விலைக்கே பழுதுபார்த்துச் சீராக்கிய மடிக்கணினி கிடைக்கும். அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிடும் மடிக்கணினிகள் இந்த ஊரில் நிறையவே வருகின்றன. அதில் ஆபத்து இல்லாமல் இல்லை. சீரியல் எண் எழுதிய பில், எழுத்தில் வாரண்டி, பேட்டரியின் தற்போதைய நிலை, விண்டோஸ் உரிமம் அசல்தானா என்ற நான்கையும் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. சிம் போடும் பழைய டேப்லெட் என்றால் *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் அது திருட்டுப் பொருளா என்று சரிபார்த்துவிடுங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 16ஆவது பிரிவில் ஒரு அருமையான பாதுகாப்பை வைத்திருக்கிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு நியாயமான அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அந்த விற்பனையின் நிபந்தனையாகிவிடும். ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு: குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லியே வாங்கினால் அந்த நிபந்தனை எழாது. கடைக்குள் நுழைந்து "அந்தக் கம்பெனியின் இந்த மாடல் கொடுங்கள்" என்று கேட்பவர், தெரியாமலேயே தன் பாதுகாப்பைப் பலவீனமாக்கிக்கொள்கிறார். "டேலியில் பில் போட வேண்டும், எக்ஸெல் மேக்ரோ ஓட வேண்டும், மகள் ஆட்டோகேட் பழக வேண்டும், இதற்கு எது சரிப்படும்?" என்று கேட்பவரின் நிலை வேறு. வாயால் கேட்டது கடை வாசலோடு காற்றில் போய்விடும். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு மாடல் பெயரோடு இந்த மூன்று தேவையையும் தமிழிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அனுப்பி, 'ஓடும்' என்ற பதிலை வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். ஆன்லைனில் என்றால் விற்பனையாளரிடம் கேட்கும் கேள்வி-பதில் பகுதியில் கேட்டு, பதிலையும் பொருளின் விவரப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்தால் பில்லிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடைக்காரர், தன் வாக்குறுதியைத் தானே நம்பவில்லை.

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு மேலும் வலு சேர்க்கிறது. பொருளின் தரம், தன்மை குறித்த உண்மையைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் அந்தச் சட்டத்தில் தவறான விளம்பரம்தான். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர நெறிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. உரிமைகோரல் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும். முக்கியத் தகவலை மறைக்கவோ, பொய்யான உரிமைகோரலைத் திருத்தவோ அந்தக் குறிப்பைப் பயன்படுத்தக் கூடாது. படத்தில் கீபோர்டும் பேனாவும் மாட்டிய டேப்லெட்டைக் காட்டி, தமிழிலோ கன்னடத்திலோ 'லேப்டாப்புக்கு விடை கொடுங்கள்' என்று எழுதிவிட்டு, அடியில் ஆங்கிலப் பொடி எழுத்தில் 'துணைக்கருவிகள் தனி' என்று போடும் விளம்பரம் இந்த நெறிகளோடு பொருந்தாது. சொந்தப் பிழைப்புக்காக வாங்கும் தையல்காரரும் சிறுகடைக்காரரும் 'வணிக நோக்கம்' என்ற காரணத்தால் நுகர்வோர் இல்லை என்றாகிவிட மாட்டார்கள். சுயதொழிலால் வாழ்பவருக்கு அந்தச் சட்டம் தெளிவாகவே இடம் விட்டிருக்கிறது.

பாடத்தோடு சேர்த்து டேப்லெட் விற்கும் வியாபாரத்தைப் பற்றிப் பெங்களூரு பட்ட அனுபவம் எல்லோருக்கும் பொது. இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட பைஜூஸ், பாடங்கள் நிரப்பிய மெமரி கார்டையும் டேப்லெட்டையும் சேர்த்து விற்றது. பெற்றோரை வற்புறுத்திக் கடன் ஒப்பந்தங்களில் சேர்த்ததாக எழுந்த புகார்களின் பேரில் 2022 டிசம்பரில் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவருக்குச் சம்மன் அனுப்பியது. 2024 ஜூலை 16ஆம் தேதி, இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கு வர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கி தொடர்பான மனுவில், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு அந்த நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கையை அனுமதித்தது. நிறுவனம் தடுமாறினாலும் பெற்றோர் பெயரில் உள்ள கடன் தவணை நிற்காது. கடன் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனம். ஆகவே டேப்லெட்டுக்கு ஒரு பில், பாடத்துக்கு ஒரு பில், கடனுக்கு ஒரு ஒப்பந்தம் என்று பிரித்துக் கேட்பது அவசியம். டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதிப்படி குறைந்தது ஒரு நாள் யோசிக்கும் அவகாசம் உண்டு; அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி அபராதமில்லாமல் வெளியேறலாம். நிதி நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதன் உதவி எண் 14448.

பொருள் சொன்னபடி இல்லை என்று தெரிந்தால் தாமதிக்காதீர்கள். பெட்டி, சார்ஜர், பில் எதையும் தூக்கிப் போடாமல், எந்த வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வீடியோ எடுத்து, விற்பவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கவும் கூடாது. குறையுள்ள பொருளை எத்தனை நாளில் திருப்பலாம் என்று பில்லில் எதுவும் குறிப்பிடவில்லையானால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அச்சு வாசகம் இதைத் தடுக்காது. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஓசூரில் வீடும் பெங்களூரில் வேலையும் உள்ளவருக்கு இரண்டில் எது வசதியோ அது. இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். மனம் மாறிவிட்டது, வேறு நிறம் பிடித்திருக்கிறது என்பதற்கெல்லாம் இந்தப் பாதை உதவாது. மேக்ரோ ஓடாது என்று விவரப் பக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தும் படிக்காமல் வாங்கியவருக்கும் வழக்கு வலுவாக நிற்காது. வாங்கும்போதே ஒன்றைக் கவனித்துவிடலாம்: பெட்டியிலோ பொருளிலோ இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்குரியது என்று காட்டும். பெயர் பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள்.

அரசிடமிருந்து டேப்லெட் பெற்ற மாணவர் விலை கொடுத்து வாங்கவில்லையே, அவருக்கு என்ன வழி? வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் சட்டம் நுகர்வோர் என்றுதான் சொல்கிறது. ஆனாலும் அந்த வாதத்தை ஆணையத்தில் நடத்துவதைவிடச் சுருக்கமான வழி டெண்டரில் இருக்கிறது. சப்ளை செய்த நிறுவனம் எத்தனை ஆண்டு வாரண்டிக்கு ஒப்புக்கொண்டது, பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்து தர வேண்டும், சர்வீஸ் சென்டர் எந்தெந்த ஊரில், பேட்டரிக்கு வாரண்டி உண்டா, இயங்குதளப் புதுப்பிப்பு எதுவரை என்பதெல்லாம் டெண்டரிலும் ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டிய விவரங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு கல்லூரிக் கல்வித் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு இந்த ஐந்து கேள்விகளையும் எழுதி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு கல்லூரியில் ஒரு மாணவர் கேட்டு வாங்கும் ஒப்பந்த நகலை, அதே திட்டத்தில் டேப்லெட் பெற்ற மற்ற எல்லா மாணவர்களும் சர்வீஸ் சென்டர் மேசையில் எடுத்துக் காட்டலாம்.